செஸ்னா 172என்: இறங்கும் வேளையில் உறுத்தும் ஒரு குமிழ்

160 குதிரைத்திறன் லைக்கமிங் எஞ்சினுடன் 1977 மாடலாக வந்த செஸ்னா 172என், பறக்கும் பயிற்சிப் பள்ளிகள் அனைத்தும் நன்கறிந்த விமானமாதலால், அதன் அளவுகளை இங்கே அடுக்க வேண்டியதில்லை. பழகுநரின் கைப்பிழைகளைப் பொறுத்துக்கொள்வதில் அதற்கு இணையான சிறு விமானம் அரிது. அத்தகைய இயந்திரத்தில், தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் விமானியின் நினைவாற்றலையே முழுமையாக நம்பியிருக்கும் ஓர் உறுப்பு இருப்பது வருத்தத்திற்குரியது. கார்புரேட்டருக்குள் சூடான காற்றைத் திருப்பிவிடும் குமிழே அது.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில், காற்று விரைவதால் அழுத்தம் குறைவதும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதும் சேர்ந்து வெப்பநிலையை 30 டிகிரி செல்சியசுக்கும் மேல் சரியச் செய்யக்கூடும் என்பதால், வெளியே இதமான வெயில் அடிக்கும் ஈரமான நாளிலும் உள்ளே பனி உறையும். இறங்கும்போது திராட்டில், அதாவது காற்றின் வரத்தைக் கட்டுப்படுத்தும் தகடு, ஏறக்குறைய மூடியிருப்பதால், மெல்லிய பனிப்படலமே எஞ்சிய இடைவெளியை அடைத்துவிடும். அதே வேளையில் புகைக்குழாயும் ஆறத் தொடங்குகிறது. சூடான காற்று அந்தக் குழாயைச் சுற்றியே எடுக்கப்படுவதால், திராட்டிலை மூடும் முன்பே குமிழை முழுவதும் இழுத்துவிட வேண்டும் என்று செஸ்னாவின் கையேடு வற்புறுத்துகிறது. ஏறத்தாழ அதே குடும்பத்து எஞ்சினைக் கொண்ட பைப்பர் வாரியரின் கையேடோ பனியின் அறிகுறி தோன்றினால் மட்டும் இழுத்தால் போதும் என்கிறது.

குறையின் வேர் வேறோர் இடத்தில் உள்ளது. சறுக்கி இறங்கும்போது எதிர்க்காற்றே புரொப்பெல்லரைச் சுழற்றுவதால், எஞ்சின் மூச்சுத்திணறுவது ஒலியிலும் சுழற்சிமானியிலும் தெளிவாகத் தெரிவதில்லை. திராட்டிலைத் திறந்து ஆற்றல் கேட்கும் அந்தக் கடைசி நொடியில்தான் அது வெளிப்படுகிறது. ஆகவே இடையிடையே திராட்டிலைச் சற்றே திறந்து பார்ப்பது இன்றியமையாதது. குமிழை இழுத்தவுடன், சூடான காற்று அடர்த்தி குறைந்ததாதலால், சுழற்சி சிறிது இறங்கும். பனி இருந்திருந்தால், உருகிய நீரை விழுங்கும் எஞ்சின் உதறிக் குலுங்கி, பின்னரே சுழற்சி மீண்டு ஏறும். அந்தக் குலுக்கலுக்கு அஞ்சிக் குமிழை உள்ளே தள்ளிவிடுவதே பழகுநர் செய்யும் மிகக் கேடான செயல். குலுக்கம் அடங்கும் வரை அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

இவற்றோடு, உயரத்தில் குறைத்து வைத்த எரிபொருள் விகிதத்தைச் சிவப்புக் குமிழால் படிப்படியாகக் கூட்டுவதும், தரையிறங்காமல் மீண்டும் ஏற நேர்ந்தால் திராட்டிலை முழுவதும் திறந்தபின் சூட்டுக் குமிழை உள்ளே தள்ளுவதும் அதே கைக்கே விடப்படுகின்றன. 1996இல் வந்த 172ஆர், பெட்ரோலை நேரடியாகச் செலுத்தும் எஞ்சினைப் பெற்றதும் கார்புரேட்டரோடு இந்தக் குமிழும் மறைந்தது. பழைய 172என் வைத்திருப்பவர், புதிய வானொலிக்குச் செலவிடும் முன், கார்புரேட்டரின் வெப்பநிலையைக் காட்டும் மானி ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது.