வாசிக்க இயலாத கண்கள்

இனி கண்ணை இயந்திரம் ‘வாசிக்கும்’ என்கிறார்கள். எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்துவிட முடியாது. யார் வாசிக்கிறார்கள், யாருடைய விதிப்படி, எதை வாசிக்க முடியாதென்று ஒதுக்குகிறார்கள் என்று பனுவலிடம் கேட்டுப் பழகியவர்கள் மருத்துவத்திடமும் அதைக் கேட்டாக வேண்டும்.

சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. முற்றும்வரை பார்வையில் ஒன்றும் தெரியாது. தெரிகிறபோது பாதி போயிருக்கும். ஆகவே படம் எடுத்துப் பார்ப்பது அவசியம். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் இதற்கென ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவித்து வெளியிட்டார்கள். 1,28,175 விழித்திரைப் படங்கள் அமெரிக்காவிலிருந்தும், மதுரை அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயணா நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் போயின. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 பேர் தரம்பிரித்தார்கள். அந்த 54 பேரும் அமெரிக்க உரிமம் பெற்ற கண் மருத்துவர்கள் அல்லது மூத்த பயிற்சி மருத்துவர்கள். ஒரே படத்துக்கு ஆளுக்கொரு தரம் விழுவதும் நடந்தது. பரிசோதனைப் படங்களில் பெரும்பான்மை முடிவே ‘உண்மை’ எனக் கொள்ளப்பட்டது. ஆக, உண்மை இங்கே கண்டெடுக்கப்பட்டதல்ல, வாக்கெடுத்து நிறுவப்பட்டது.

இதை வைத்து இயந்திரமே மோசடி என்று சொல்ல வரவில்லை. 2019இல் வெளியான ஆய்வில் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தபோது, அது அங்குள்ள தரம்பிரிப்பாளர்களுக்கு ஈடாகவோ மேலாகவோ நின்றது. அதை மறுப்பது வீண் வீறாப்பு. என் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

இயந்திரத்திடம் ‘நோய் உண்டு’, ‘இல்லை’ என்பவற்றுக்கு அப்பால் இன்னொரு விடையும் உண்டு: ‘தரம்பிரிக்க இயலாதது’. தாய்லாந்தின் 11 சிற்றூர், சிறுநகர மருத்துவ நிலையங்களில் இதே மாதிரி எப்படி வேலை செய்தது என்பதை 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முதல் ஆறு மாதத்தில் போட்ட 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தெளிவில்லை என்று அது தள்ளியது. பெரும்பாலான நிலையங்களில் படமெடுக்கத் தோதான இருட்டறை கிடையாது. தள்ளப்பட்டவர்கள் இன்னொரு நாள், இன்னொரு இடத்து மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது.

இதை ஆரணிக்குக் கொண்டுவந்து பாருங்கள். குழித்தறியில் உட்கார்ந்து மயிரிழைப் பட்டையும் ஜரிகையையும் நாற்பது வருஷம் பார்த்த கண். அறுபதைத் தாண்டினால் கண்புரை, பாவையும் சுருங்கியிருக்கும். புரை விழுந்த கண்ணுக்குள் படம் தெளிவாக விழாது. நாளை அங்கே ஒரு காமிரா வந்தால் என்ன நடக்கும்? கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு வந்தவரிடமே, உங்க கண்ணு மங்கலா இருக்கு, படம் வரலைன்னு சொல்லி அனுப்புவார்கள். வேலூருக்குப் போகணும். தறி நின்றால் கூலியும் நின்றது. எத்தனை பேர் போவார்கள்? இயந்திரத்தின் துல்லியக் கணக்கில் இவர் பிழையாகக்கூட இடம்பெற மாட்டார். வாசிக்கப்பட்டவர்களை வைத்துத்தானே துல்லியம்!

மருத்துவப் பார்வை நோயாளியை நீக்கிவிட்டு நோயைப் பார்க்கிறது என்று 1963இல் பூக்கோ எழுதினார். இப்போது இன்னொரு படி. நோயைப் பார்க்கவும் படம் தகுதி பெற வேண்டும். தகுதியற்ற படம் என்பது பெரும்பாலும் தகுதியற்ற அறை, முதிர்ந்த உடல், தாமதமான வைத்தியம். அதாவது வறுமைக்கு வைத்த தொழில்நுட்பப் பெயர்.

நெசவாளிக்கு இது புதுசு அல்ல. தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியின் துளையட்டையைத்தான் 1830களில் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். அட்டைக்குத் தெரிந்தது துளை உண்டு, இல்லை என்பது மட்டும். பாவில் இழை அறுந்தால் அட்டைக்குத் தெரியாது. தறியை நிறுத்தி, தேடி, முடிபோடுவது நெசவாளியின் கை.

ஆகவே இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பது பொய்க் கேள்வி. எத்தனை கண்களை வாசித்தீர்கள் என்பதோடு, எத்தனை கண்களைத் திருப்பி அனுப்பினீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வைத்தியம் கிடைத்தது என்ற கணக்கையும் கேட்க வேண்டும். அறுந்த இழைக்கு முடிபோட ஆள் போடாத இடத்தில், துல்லியம் என்பது வெறும் விளம்பரம்.