கப்பர்நாகும்: கூண்டில் நிற்பது யார்?

கப்பர்நாகும் என்னும் ஊரை நற்செய்தி வாசகர் நன்கு அறிவர். இயேசு குடியேறி வாழ்ந்த ஊர். அவர்தம் வல்ல செயல்களைக் கண்டும் மனம் மாறாமையால் கண்டனத்துக்கு ஆளான ஊர். பிரெஞ்சு மொழியில் இப்பெயர் பெருங்குழப்பத்தைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. லெபனான் இயக்குநர் நதீன் லபாக்கி 2018இல் தம் திரைப்படத்துக்கு இப்பெயரையே சூட்டினார். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் அது நடுவர் குழுப் பரிசு பெற்றது.

பெய்ரூட் நகரில், பிறப்புப் பதிவுகூட இல்லாத சிறுவன் ஸைன், தன்னைப் பெற்றதற்காகத் தாய் தந்தையர்மேல் வழக்குத் தொடுக்கிறான். அவனாக நடித்த ஸைன் அல் ரஃபீயா, சிரியாவிலிருந்து அந்நகருக்கு வந்த அகதிச் சிறுவன். பள்ளி செல்லாமல், கடைப் பொருள்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்துப் பிழைத்தவன். ஆகவே படத்தில் அவன் எரிவாயு உருளையைச் சுமக்கையில், பழகிய உடலின் களைப்பையே நாம் காண்கிறோம். சிறுவர் உழைப்பை இவ்வளவு மெய்யாகக் காட்டிய படங்கள் சிலவே.

ஆயினும் அதன் நீதிமன்றத்தோடு நாம் உடன்பட இயலவில்லை. தாய் தன் துயரைச் சொல்ல இயக்குநர் இடமளிக்கிறார். எனினும் வழக்கின் பிரதிவாதிகள் ஏழைப் பெற்றோரே. அவர்கள் இனிப் பிள்ளை பெறலாகாது என்பதே சிறுவனின் கோரிக்கை. அவன் உழைப்பை மலிவாக வாங்கிய நகரத்தின்மேல் வழக்கு இல்லை.

வெளியுலக நடப்போ வேறு. லெபனான் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. 2015 முதல், 15 வயது நிறைந்த சிரியர் பலர் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க ஆளுக்கு 200 டாலர் செலுத்த நேர்ந்தது. வேலை செய்வதில்லை என்ற உறுதிமொழியும் பலரிடம் கேட்கப்பட்டது. அனுமதி இழந்த தந்தையர் சோதனைச் சாவடிக்கு அஞ்சி வீட்டில் முடங்கினர். அத்தகைய இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகளே வேலைக்குச் சென்றனர். இதைப் பெற்றோரின் அன்பின்மை என்று தீர்ப்பிடுவது நீதியாகுமா?

மத்தேயு நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடிந்துரைத்தது ஊரையே. தலைப்பு சுட்டிய குற்றவாளியைக் கதை தப்பவிட்டுவிட்டது.

நடித்த சிறுவன் 2018இல் குடும்பத்தோடு நார்வேயில் குடியமர்த்தப்பட்டான். அதற்காக நாம் மகிழ்கிறோம். ஆனால் படக்கருவியின் கண்ணில் படாத பிள்ளைகளுக்கு நார்வே இல்லை. அவர்களுடைய ஊர் மனம் மாறினாலன்றி அவர்கள் தோள்களின் சுமை இறங்காது.