பெயர் ஒன்று போதுமா?

மேகக் கணிமையில், இயந்திரக் கற்றல் மாதிரியிடம் வினா அனுப்பி விடை பெறும் வாயிலை ‘எண்ட்பாயிண்ட்’ என்பர். அதற்கென அமர்த்திய கணிப்பொறி இயங்கும்வரை, வினாவே வராவிட்டாலும் வாடகை ஏறும். ஆகவே தேவை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

அமேசானின் சேஜ்மேக்கருக்கு உங்கள் நிரல் அனுப்பும் நீக்கல் கோரிக்கையில் வாயிலின் பெயர் இருந்தால் போதும். மாதிரி அழிவதில்லை, மீண்டும் வாயில் அமைக்கலாம். இது நன்று. ஆனால், வேறெவரேனும் அவ்வாயிலைப் பயன்படுத்துகிறார்களா என்று அது வினவுவதில்லை. பெயர் தவறினால் பிறர் நம்பியிருக்கும் வாயில் மூடிவிடும்!

கூகிளின் வெர்டெக்ஸிலும் கோரிக்கைக்குப் பெயரே போதும். ஆயினும், வாயிலில் ஏற்றிய மாதிரியை முதலில் இறக்கினாலன்றி வாயிலை நீக்க இயலாது. ஒரு படி கூடுதல்தான். எனினும் இத்தடையே சிறந்தது என்பேன். நீங்கள் எதைப் பயன்படுத்தினாலும், கோரிக்கையை அனுப்புமுன் பெயரைத் திரையில் காட்டி ‘சரிதானா?’ என்று கேட்கும்படி நிரல் எழுதுங்கள்.