சட்டைவா: விதைத்ததா, பயிரானதா?

நெல்லின் அறிவியல் பெயர் ஒரைசா சட்டைவா. இதில் சண்டையெல்லாம் முதல் சொல்லுக்குத்தான். அது நம்ம 'அரிசி'யிலிருந்து கிரேக்கத்துக்குப் போனதா என்று கால்டுவெல் தொடங்கி இன்றுவரை பேசுகிறார்கள். இரண்டாவது சொல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. 'லத்தீனில் விதைக்கப்பட்டது என்று பொருள்' என ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வேர்ச்சொல் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விளக்கத்தைக் கூத்தாநல்லூர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். "நேரடி விதைப்பைச் சொல்றீங்களா? அப்ப நாத்து விட்டு நட்டது என்னவாம்?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் புழுதியிலேயே விதைக்கிறார்கள். நேரத்துக்கு வந்தால் நாற்றங்கால், நாற்றுப் பறிப்பு, நடவு. விதைப்பும் நடவும் டெல்டாவில் வேறு வேறு வேலை, வேறு வேறு செலவு.

லின்னேயஸ் 1753இல் இதே அடைமொழியை வேறு எதற்கெல்லாம் கொடுத்தார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். வெள்ளரி, கொத்தமல்லி இருக்கட்டும், அவை விதை போட்டு வருபவை. பூண்டு? அல்லியம் சட்டைவம். அதைப் பல் பல்லாகப் பிரித்து ஊன்றுகிறோம். குங்குமப்பூ? குரோக்கஸ் சட்டைவஸ். அந்தச் செடி விதையே வைக்காது, கிழங்கு நட்டால்தான் உண்டு. (வா, வம், வஸ் என்று வால் மாறுவது லத்தீன் பால் இலக்கணம், பொருள் ஒன்றுதான்.) விதையே இல்லாத செடி எப்படி 'விதைக்கப்பட்டது' ஆகும்? காட்டில் தானாக வளர்வதற்கு எதிராக, மனிதர் பயிர் செய்வது என்பதே இங்கே பொருள்.

காட்டு நெல் இனமான ஒரைசா ருஃபிபோகானை எடுத்துக்கொள்ளுங்கள். 'செந்தாடி' என்று அர்த்தம், சிவந்த கூர் நீட்டிக்கொண்டிருப்பதால். அது முற்றியதும் மணியை உதிர்த்துத் தன்னைத் தானே விதைத்துக்கொள்ளும்! அறுக்கும்வரை மணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நம்ம நெல்தான்.

தமிழில் என்ன சொல்வது? காட்டுக்கு எதிர் நாடு, ஆகவே 'நாட்டு நெல்' என்றால் கச்சிதமாக இருந்திருக்கும். ஆனால் நாட்டுத் தக்காளி, நாட்டுக்கோழி என்று புழங்கிப் புழங்கி அந்தச் சொல் ஒட்டுரகத்துக்கு எதிராகப் போய்விட்டது. நாட்டு நெல் என்றால் இப்போது மாப்பிள்ளைச் சம்பாதான் நினைவுக்கு வரும். அதனால் நான் 'பயிர்நெல்' என்றே எழுதுகிறேன். பயிர்ப்பூண்டு என்று எழுதத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.