சுவரும் சிகிச்சையும்

வழிதவறிய சிறுமியரைத் 'தலைவிதி' என்று தள்ளுவது பழமை. சூழலை ஆராய்வது பகுத்தறிவு. அவ்வழி நின்ற நூல், மனநல மருத்துவர் மோரினோவின் 'யார் பிழைப்பர்?' (1934). நியூயார்க் மாநிலத்து ஹட்சன் சிறுமியர் சீர்திருத்தப் பள்ளியினின்று 1932-இல் இரண்டே வாரங்களில் 14 பேர் ஓடினர். மோரினோ அவர்தம் குணத்தைப் பழிக்கவில்லை. எவரோடு வாழ விழைகிறாய் எனச் சிறுமியரைக் கேட்டார், விடைகளை வரைபடமாக்கினார், தோழமை இழைகளின் வழியே ஓட்டம் பரவியதைக் காட்டினார். விரும்பியோருடன் வாழவைப்பதே மருந்தென்றார். வாழ்த்துகிறோம்!

ஆயினும், அங்கே கறுப்புச் சிறுமியர்க்குத் தனி இல்லங்கள். பின்னாளில் உலகே வியந்த பாடகி எலா ஃபிட்ஜெரால்டு 1933-இல் அங்கே அடைபட்டார். பள்ளியின் பாடற்குழுவோ வெள்ளையர்க்கே! விருப்பம் கேட்ட விஞ்ஞானம் நிறச்சுவரை இடிக்கவில்லை. சுவரை விட்டுவிட்டுச் சிறுமியை மட்டும் திருத்த முயலும் சிகிச்சை, பாதிச் சிகிச்சையே என்போம் நாம்.