நிதான பருவம்: கிருஷ்ணபிள்ளையின் விழிப்பு எங்கே இருக்கிறது?

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' பற்றிப் பேச்சு எடுத்தால் உடனே ஒரு பட்டம் வந்து விழும்: 'கிறிஸ்தவக் கம்பர்'. அதற்குப் பிறகு பேச்சு இரண்டே திசையில்தான் போகும். ஒரு பக்கம், கம்பனின் எந்த உவமை இங்கே எப்படி வந்திருக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். மறுபக்கம், அதே கணக்கைக் காட்டி, "அப்போ இது கம்பன் நகல்தானே" என்பார்கள். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. எனக்கு வேறு கேள்வி. இது ஒரு மனிதன் பாவத்துக்கு விலகி, விழிப்போடு, தன்னை அடக்கி, ஊர் போய்ச் சேரும் கதை. அந்த வேலையை இந்தப் புத்தகம் செய்கிறதா?

இந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் வேலை. வேலை முடிந்து ஒரு பெக் என்று ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் பெக் முடிந்துதான் வேலை என்று ஆகிப்போன ஆள் நான். விட்டு ஆறு வருஷம் ஆகிறது. எங்க ஆச்சி பாளையங்கோட்டைக்காரி. தெருவில் யாராவது தள்ளாடி வந்து வம்பு பேசினால் எங்களைத்தான் அதட்டுவாள்: "ஏல, அவன் நிதானத்துல இல்ல. உள்ள வா." குடித்தவனை 'குடிகாரன்' என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை, 'நிதானத்துல இல்ல' அவ்வளவுதான். இந்தக் காப்பியத்தின் பொருளடக்கத்தைப் புரட்டியபோது மூன்றாவது பிரிவின் பெயர் கண்ணில் பட்டது: நிதான பருவம். அங்கேயே நின்றுவிட்டேன்.

சில தகவல்கள்

கிருஷ்ணபிள்ளை 1827-இல் திருநெல்வேலியை ஒட்டிய கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஜி. யு. போப் நிறுவிய சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1900-இல் மறைந்தார். 'யாத்திரிகம்' ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்று ஐந்து பருவங்கள், மொத்தம் 3,766 பாடல்கள். மூலம் ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்'. உரைநடையில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் காப்பியம் 'நற்போதகம்' மாத இதழில் 13 வருஷம் தொடராக வந்து, பிறகு 1894-இல் நூலானது. மாதம் தவறாமல் வந்தது என்று வைத்துக்கொண்டால் 156 இதழ். சராசரியாக இதழுக்கு 24 பாடல். அதாவது முதல் வாசகர்கள் இதை ஒரே மூச்சில் படிக்கவில்லை. மாதத்துக்கு 24 பாடல், 13 வருஷம். யாத்திரிகனோடு கூடவே நடந்தவர்கள் என்று சொன்னால் மிகையில்லை. இன்று நாம் தடித்த ஒரே புத்தகமாக எடுத்து, 200 பாடலில் மூச்சு வாங்கி, மூடி வைக்கிறோம்.

பன்யனின் விழிப்பு

பன்யன் ஓட்டைப் பாத்திரம் பற்றவைக்கும் தொழிலாளி. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். அவர் கதையில் பூதம் உண்டு, சிங்கம் உண்டு, வாள் சண்டை உண்டு. ஆனால் யாத்திரிகன் சறுக்கும் இடங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

ஒன்று, கஷ்டமான மலையில் பாதி ஏறியதும் ஒரு நிழற்கொடிப் பந்தல். அதைக் கட்டியவன் சாத்தான் இல்லை, மலைக்கு உடையவரே பயணிகளுக்காகக் கட்டியது. கிறிஸ்தியான் அங்கே அசந்து தூங்குகிறான், கையில் இருந்த சுருள் நழுவி விழுகிறது. அது தெரியாமல் மேலே போய், திரும்பி வந்து தேடி, மறுபடி ஏறுகிறான். ஒரே பாதையை மூன்று தரம் நடக்கிறான். இரண்டு, கால் வலிக்கிறது, பக்கத்தில் மெத்தென்று புல்வெளி. வேலியைத் தாண்டினால் போதும். தாண்டுகிறான். அது நேரே சந்தேகக் கோட்டைச் சிறையில் கொண்டுபோய் விடுகிறது. மூன்று, பயணத்தின் கடைசிப் பகுதியில் ஒரு மயக்க நிலம். அந்தக் காற்றே தூக்கத்தைக் கொடுக்கும்.

மூன்றிலும் பெரிய பாவம் எதுவும் இல்லை. கொலை இல்லை, களவு இல்லை. ஓய்வு, சௌகரியம், அசதி. பன்யனின் கூர்மை இங்கேதான். ஆபத்து சண்டையில் இல்லை, சண்டை முடிந்து உட்காரும்போது வருகிறது. வள்ளுவரும் பொச்சாவாமை அதிகாரத்தை இதைச் சொல்லித்தான் தொடங்குகிறார்: மகிழ்ச்சிக் களிப்பில் வரும் மறதி பெருங்கோபத்தைவிடக் கெட்டது என்று. அவர் அதை அரசனுக்குச் சொன்னார், பன்யன் வழிப்போக்கனுக்குச் சொன்னார். நான் குடிக்க ஆரம்பித்ததும் எந்தத் துக்கத்திலும் இல்லை. ஒரு புராஜெக்ட் நல்லபடியாக ரிலீஸ் ஆன இரவில்.

ஆனால் பன்யனிடம் ஒரு வில்லங்கமும் உண்டு. எந்நேரமும் தன்னையே சந்தேகிக்கும் மனம் அவருடையது. அவர் தன்வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சந்தேகம் அவரை வருஷக்கணக்கில் வாட்டியிருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் 'அலர்ட் ஃபட்டீக்'. சர்வரில் நடக்கும் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் எச்சரிக்கை மணி வைத்துப் பாருங்கள். முதல் நாள் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். மூன்றாம் நாள் போனை சைலண்ட்டில் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். உண்மையான தீ விபத்து அன்றைக்குத்தான் வரும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் விழிப்பாக இருக்கிறான் என்று சொல்ல முடியாது.

கிருஷ்ணபிள்ளை செய்த மாற்றம்

இனி நம்மூர்க்காரருக்கு வருவோம். அவர் கையில் இருந்தது விருத்தக் காப்பிய வடிவம். அந்த வடிவம் தலைவனைப் போற்றுவதற்காக வளர்ந்தது. வாலி வதை பற்றி ஆயிரம் விவாதம் இருக்கலாம், ஆனாலும் கம்பராமாயணம் ராமன் சறுக்கி விழுந்து எழுந்த கதை இல்லை. பன்யனின் நாயகனோ பத்து அடிக்கு ஒருமுறை தடுக்கி விழுகிறவன். போற்றுவதற்கென்று செய்த வடிவத்தில் தடுக்கி விழுகிறவனை எப்படி வைப்பது? இதுதான் கிருஷ்ணபிள்ளையின் முன்னால் இருந்த பிரச்சினை என்று நினைக்கிறேன். உவமை எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

அவர் கண்ட வழி: போற்றப்பட வேண்டியவரையே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் என்று ஒன்று. இயேசுவின் கடைசி நாட்களை, பிடிபட்டதை, விசாரணையை, பாடுகளை விரித்துச் சொல்கிறது. பன்யனில் இந்த விரிவு கிடையாது. அங்கே சிலுவை பாதையோரம் நிற்கும், அதன் அருகே யாத்திரிகனின் முதுகுச் சுமை அவிழ்ந்து உருளும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இந்தப் படலத்திலிருந்து சில பாடல்கள் இருக்கின்றன. மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்தவர்கள் மறுபடி எடுத்துப் பாருங்கள். காவலர்கள் அவரைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். அவரைக் கட்டியது கயிறு என்று நினைக்காதீர்கள், தன்னைப் பகைத்த மனிதருக்காகவும் உருகுகிற அன்புதான் அவரைக் கட்டியது என்கிற பொருளில் கவிஞர் பாடுகிறார்.

எனக்கு இந்தக் காப்பியத்தின் அச்சு இந்த இடம்தான். இச்சையடக்கம் என்று தமிழ் வேதாகமம் ஒரு சொல் வைத்திருக்கிறது. அதைக் கேட்டாலே பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றைச் செய்யாமல் இருப்பது என்றுதான் தோன்றும். குடியை விட முயன்ற முதல் இரண்டு தடவையும் நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு தடவையும் தோற்றேன். கிருஷ்ணபிள்ளை காட்டுகிற அடக்கம் வேறு. கயிற்றை அறுக்க முடிகிறவர் அறுக்காமல் நிற்கிறார். அவரைப் பிடித்து வைத்திருப்பது பயமோ சட்டமோ இல்லை, இன்னொருவர் மேல் உள்ள அன்பு. யாத்திரிகன் இதைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறான். வழியெங்கும் தேவாரம் என்ற பெயரிலேயே 144 பாடல்கள் வருகின்றன. பன்யனின் யாத்திரிகன் தன் காலடியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான் என்றால், இவருடைய யாத்திரிகன் பாடிக்கொண்டே நடக்கிறான். ஆழ்வார்களைக் கேட்டு வளர்ந்த ஒருவர் பியூரிட்டன் புத்தகத்தைத் தமிழாக்கினால் இப்படித்தானே வரும்? விழிப்பு என்பது தன்னைச் சந்தேகிப்பதிலிருந்து, வேறொருவர் மேல் கண் வைத்திருப்பதாக மாறிவிடுகிறது. மணி குறைந்து, பார்க்க வேண்டிய ஒன்று தெளிவாகிறது.

இழந்தது

இதற்கு விலையும் கொடுத்திருக்கிறார். அதை மறைத்தால் விமர்சனம் ஆகாது.

பன்யன் சந்தையில் பேசுகிற மொழியில் எழுதினார். வேலைக்காரப் பெண்ணும் படித்தாள். கிருஷ்ணபிள்ளையின் விருத்தம் யாருக்கு? அவர் காலத்துத் திருநெல்வேலிச் சபைகளில் பெருவாரியானவர்கள் பனையேறிகள், கூலி விவசாயிகள். தேரிக்காட்டில் விடியுமுன் பனையில் ஏறுகிறவனுக்கு உடன்குடி வட்டாரத்தில் விழிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை, பிடி நழுவினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த அனுபவம் இந்தச் செய்யுள் நடைக்குள் நுழைய வாசல் சிறியது. புல்வெளிக்கு வேலி தாண்டுவது போன்ற அற்பமான, தினசரி, கொஞ்சம் சிரிப்பும் வரவைக்கிற சறுக்கல்களுக்குக் கம்பன் நடை இடம் கொடுப்பதில்லை. எல்லாமே கம்பீரமாகிவிடுகிறது. சின்னப் பாவம் கம்பீரமாக வந்தால் அது நம்முடையது என்று அடையாளம் தெரியாது. அவருடைய 'சத்தாய் நிஷ்களமாய்' பாட்டு இன்றும் ஆலயங்களில் ஒலிக்கிறது, காப்பியமோ அலமாரியில் இருக்கிறது. துதி பிழைத்தது, பயணம் பிழைக்கவில்லை.

இன்னொன்று அவர் மேல் உள்ள குறை இல்லை, நம் மேல். 1833-இலேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாகச் சுற்றறிக்கை விட்டார். இன்றைக்கும் நம் பக்கத்துத் திருமண விளம்பரங்களில் சி.எஸ்.ஐ. என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கிறது. விழிப்பு என்றால் பாட்டிலையும் சினிமாவையும் பார்த்தோம். மாயச் சந்தையில் பட்டமும் அந்தஸ்தும்கூட விற்பனைச் சரக்கு என்று பன்யன் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர் வாசகர் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். என் குடியைப் பற்றி ஜெபித்த சொந்தக்காரர்கள் பலர். எங்கள் வீட்டில் நடந்த ஒரு காதல் கல்யாணத்துக்கு வராமல் போனதும் அவர்களேதான். மணியைத் தப்பான இடத்தில் கட்டியிருக்கிறோம்.

மயக்க நிலத்தில் இரண்டு பேர்

முடிக்குமுன் பன்யனின் அந்த மூன்றாவது இடத்துக்குத் திரும்புகிறேன். மயக்க நிலத்தில் நம்பிக்கை என்ற தோழன், "கொஞ்சம் படுத்துக்கலாமே" என்கிறான். கிறிஸ்தியான் அவனைத் திட்டவில்லை, பாவத்தைப் பட்டியல் போடவும் இல்லை. பேசிக்கொண்டே நடப்போம் என்கிறான். நீ எப்படி இந்த வழிக்கு வந்தாய், சொல்லு. அவன் சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் தூங்காமல் தாண்டிவிடுகிறார்கள். தனியாக வந்திருந்தால் என் கதை முடிந்திருக்கும் என்று தோழனே ஒப்புக்கொள்கிறான். பன்யனுக்குள்ளேயே பன்யனின் சந்தேக மனத்துக்கு மருந்து இருக்கிறது. கிருஷ்ணபிள்ளை அதை அன்பின் கயிறு என்று வேறொரு பக்கமிருந்து கண்டுபிடித்தார்.

கிருஷ்ணபிள்ளையை விருத்தத்துக்காகவோ, கம்பனோடு ஒப்பிடவோ படிக்க வேண்டாம். குமார பருவத்தில் அந்த ஒரு படலத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். மாதம் 24 பாடல் போதும், முதல் வாசகர்கள் அப்படித்தான் படித்தார்கள்.

என் விஷயம்: தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு நண்பர் போன் செய்வார். அவரும் விட்டவர். பெரும்பாலும் ஆபீஸ் கதை, பிள்ளைகள் படிப்பு, தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு வருது என்கிற பேச்சுதான். கடைசியில் மட்டும் ஒரு கேள்வி: "நிதானமா இருக்கீங்கள்லா?" இருக்கிறேன் என்பேன். நானும் கேட்பேன். அவ்வளவுதான், போனை வைத்துவிடுவோம்.