ஆறாவது சங்கிலி

ஈ.கோலை பாக்டீரியாவின் புறச்சவ்வில் உள்ளடுக்கு வேறு, வெளியடுக்கு வேறு. உள்ளே இருப்பவை வழக்கமான பாஸ்போலிப்பிடுகள். வெளியே பெரும்பகுதி லிப்போபாலிசாக்கரைடு. அது சவ்வில் வேரூன்றி நிற்பது லிப்பிட் ஏ என்னும் பகுதியால். இந்தச் சின்ன மூலக்கூறு ஏன் இத்தனை பேரைக் கொல்கிறது என்ற கேள்விக்கு, நூறாண்டு ஆராய்ச்சி விடை தேடி, கடைசியில் கொழுப்புச் சங்கிலிகளின் எண்ணிக்கையில் வந்து நின்றிருக்கிறது.

இறந்த காலரா கிருமியின் உடலிலேயே நஞ்சு இருப்பதைக் கண்ட ரிச்சர்ட் ஃபைஃபர், 1892-இல் அதை எண்டோடாக்சின் என்றார். 1950-களில் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலும் லூடரிட்ஸும் அதன் கொழுப்புப் பகுதியான லிப்பிட் ஏ-வைப் பிரித்தெடுத்தார்கள். 1985-இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் லிப்பிட் ஏ-வைச் செயற்கையாகவே உருவாக்கினார்கள். கிருமியே இல்லாத அந்தப் பொருளும் நஞ்சாகவே வேலை செய்தது. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

அமைப்பைப் பார்ப்போம். பீட்டா 1-6 பிணைப்பில் கோத்த இரண்டு குளுக்கோசமைன் சர்க்கரைகள்; இரு கோடியிலும் ஒவ்வொரு பாஸ்பேட். சர்க்கரைகளில் நேரடியாக நான்கு ஹைட்ராக்சி கொழுப்பமிலங்கள், ஒவ்வொன்றும் 14 கார்பன் நீளம். அவற்றில் இரண்டின் ஹைட்ராக்சில் மீது மேலும் இரண்டு சங்கிலிகள்: ஒன்றுக்கு 12 கார்பன், மற்றதற்கு 14. ஆக ஆறு. எதிலும் இரட்டைப் பிணைப்பு கிடையாது. அதனால் இடைவெளியின்றி நெருங்கி நிற்கின்றன. பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டத்தை மெக்னீசியமும் கால்சியமும் இணைத்துப் பிடிக்கின்றன. எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் இந்தச் சுவரில் தடுமாறுவது இதனால்தான்.

நம் உடல் இதை அடையாளம் காண்பது டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாக. 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு இதைக் காட்டியது. 2011-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2009-இல் வெளிவந்த படிக அமைப்புதான் என்னை அதிகம் வியக்கவைத்தது. ஐந்து சங்கிலிகள் எம்டி-2 என்ற துணைப் புரதத்தின் குழிக்குள் அமிழ்ந்துவிடுகின்றன; ஆறாவது மட்டும் விளிம்பில் கிடந்து, பக்கத்து டிஎல்ஆர்4-ஐத் தொட்டு இரண்டு ஏற்பிகளையும் இணைக்கிறது. அபாயமணி அடிப்பது அந்தத் தொடுகையில்.

பிளேக் கிருமிக்கு இது தெரிந்ததுபோலவே இருக்கிறது. தெள்ளுப்பூச்சியின் உடல் வெப்பத்தில் ஆறு சங்கிலி லிப்பிட் ஏ-வும் செய்யும் எர்சினியா பெஸ்டிஸ், மனிதரின் 37 டிகிரியில் பெரும்பாலும் நான்கோடு நிறுத்திக்கொள்கிறது. அபாயமணி அடிப்பதில்லை. ஈ.கோலையின் ஒரு நொதியைக் கொடுத்து, 37 டிகிரியிலும் அதை ஆறு சங்கிலி செய்யவைத்தபோது, எலிகள் அந்தக் கிருமியை வென்றுவிட்டன. 2006-இல் வெளியான இந்தச் சோதனையைத்தான் இத்துறையின் மிகத் தெளிவான சான்றாக நான் கருதுகிறேன்.

இதே தர்க்கத்தில் நான்கு சங்கிலியோடு உருவான மருந்து எரிடோரான். குழியை நிரப்பும், மணியை அடிக்காது. ஆனால் கடுமையான செப்சிஸ் (தொற்றுக்கு உடல் மிகையாக எதிர்வினையாற்றும் நிலை) நோயாளிகளிடம் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2013-இல் தெரிந்தது. ஒருவேளை வேதியியலில் பிழையில்லை, நோயாளி மருத்துவமனையை அடையும்போது மணி அடித்து வெகுநேரமாகியிருக்கலாம்.

பாஸ்பேட்டுகளும் போர்க்களம்தான். கோலிஸ்டின் மருந்து அவற்றைப் பற்றித்தான் சுவரை உடைக்கிறது. 2015-இல் சீனாவில் கண்டறிந்த எம்சிஆர்-1 மரபணு, பாஸ்பேட்டின் மீது பாஸ்போஎத்தனோலமைன் குழுவொன்றைப் போர்த்தி மின்னூட்டத்தைக் குறைக்கிறது. பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவவும் செய்கிறது. 2019-இல் இந்தியா கால்நடை, கோழித் தீவனங்களில் கோலிஸ்டினைத் தடைசெய்தது சரியான முடிவு.

இப்போது கவனம் சுவரைவிட்டு, அதைக் கட்டும் வழிக்குத் திரும்பியிருக்கிறது. லிப்போபாலிசாக்கரைடை உட்சவ்விலிருந்து வெளியே ஏற்றும் புரதத் தொடரையே சோசுரபால்பின் என்ற புதிய மருந்து அடைக்கிறது. 2024-இல் வெளியான ஆய்வுகளின்படி அது அசினெட்டோபாக்டர் கிருமியிடம் பலிக்கிறது, ஈ.கோலைக்கும் கிளெப்சியெல்லாவுக்கும் அதே வழியில் தனி மருந்துகள் தேவைப்படும்.